களப்பின் இரு கரைகளும் பவுலின் விடுதலையும்



புத்தளம் களப்பின் இரு கரைகளிலும் ஒரு காலத்தில் இரண்டு சட்டங்கள் நடந்தன. மேற்கே ஒல்லாந்தர் கோட்டை கட்டியிருந்த கற்பிட்டி. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்பது அவர்களுடைய 1658ஆம் ஆண்டுக் கட்டளை. கிழக்கே புத்தளம், கண்டி அரசனின் துறை. அங்கே அந்தக் கட்டளை செல்லாது. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியவர்கள் பிடிபட்ட பிறகு, கத்தோலிக்கக் குருவான யோசே வாஸ் அடிகளார் புத்தளம் வந்துதான் மூச்சுவிட்டார். 1692இல் கண்டியில் உளவாளி என்று சிறை வைக்கப்பட்டார் என்பதும் உண்மை. ஆனாலும் பின்னர் அவர் வெளிப்படையாகப் பூசை செய்ய இடம் கொடுத்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த அரசன்.

ஒல்லாந்தர் வேதம் அறியாதவர்களா? லூத்தரும் கல்வினும் விரிவுரை எழுதிய, பவுலின் கலாத்தியர் நிருபம் அவர்களுடைய சீர்திருத்தச் சபையின் உயிர்நாடி. அதைக் கையில் வைத்துக்கொண்டே, ஞானஸ்நானப் பதிவையும் கலியாணப் பதிவையும் தங்கள் சபைக்குள் பூட்டி, பதவி வேண்டுமானால் எங்கள் கோவிலுக்கு வா என்றார்கள். நம் கத்தோலிக்கப் பக்கமும் சுத்தமில்லை. வாஸ் அடிகளார் பிறந்த கோவாவில் 1560 முதல் மத விசாரணை மன்றம் இருந்தது.

அந்த நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு, விருத்தசேதனம் இல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகினார். பர்னபாவும் கூடவே எழுந்துபோனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். திருச்சட்டத்தைப் பற்றிய அவ்வளவு பெரிய வழக்கு ஒரு சாப்பாட்டுப் பந்தியில்தான் வெடித்தது.

பவுல் சட்டத்தின் பகைவர் அல்லர். திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தவர் அவர். யூதரல்லாத தீத்துவுக்குச் செய்யச் சொன்னபோது மறுத்தவரும் அவரே. தாயின் யூத இனத்தாரிடையே திமொத்தேயு பணிசெய்ய அது உதவியது. தீத்துவிடமோ அதை மீட்புக்கான நிபந்தனையாகக் கேட்டார்கள். ஒருவன் மனமுவந்து ஏற்கும் ஒழுங்கை அவர் மதித்தார். மற்றவனை வாசலில் நிறுத்திவைக்கும் ஒழுங்கை எதிர்த்தார். கலாத்தியர் நிருபத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தர் சட்டங்களை ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் நீக்கினார். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1742இல், சாங்கோபாங்க சுவாமி என்று நாம் அழைக்கும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையில் கண்மூடினார். தடை நீங்குமட்டும் காத்திராமல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர் அவர். உள்ளத்து விடுதலைக்கு அரசாணை தேவைப்படவில்லை.

ஆனால் பந்தி வழக்கு இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டு வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதி பார்த்துப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. நம் ஊர்களில் சுவர் இல்லாமலே அந்தப் பிரிவு நடக்கிறது: கொடியேற்றத்தை யார் எடுப்பது, சுரூபத்தை யார் தூக்குவது, யார் வீட்டில் யார் கை நனைப்பது என்று. இதை எந்த ஒல்லாந்தனும் நமக்கு விதிக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்குச் சபை கூடும்போது, வரவு செலவுக் கணக்கை எடுக்கும் முன், கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை ஒருவர் எழுந்து உரக்க வாசிக்கட்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.