பின்பனிக் காலமும் வானிலைக் குறிப்பேடும்



நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. குளிர்நாட்டார் வசந்தத்தின் வரவென்று கொண்டாடும் நாட்களை நம்மவர் பனியின் பெயரால் வழங்கினர். அது பொருத்தமே. பகலில் வெயில் சுடும். விடியலில் போர்வை வேண்டியிருக்கும். இப்பருவத்தில் செங்கற்பட்டு நகரிலும், அதற்குக் கிழக்கே மாமல்லபுரக் கடற்கரையிலும் நாளைய பொழுது எப்படியிருக்கும் என்பதை ஒரு மாணவர் கணிக்க இயலுமா? இயலுமெனில் அக்கணிப்பின் மதிப்பு யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நாம் கேட்டு வளர்ந்த பழமொழி. பனி வானத்திலிருந்து இறங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நிலமும் கூரையும் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் விண்வெளியை நோக்கி வீசிவிடுகின்றன. மேகம் இருந்தால் அது போர்வைபோல் நின்று அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மேகமற்ற இரவில் அந்த உதவி இல்லை. மொட்டை மாடி வானத்துக்கு முழுதும் திறந்து கிடப்பதால் விரைந்து குளிர்கிறது; அதைத் தொட்ட காற்றிலுள்ள நீராவி துளியாகப் படிகிறது. காற்று அசையாமலும் தரை ஈரமாகவும் இருந்தால் மூடுபனியும் எழும். மாசி விடியலில் கொளவாய் ஏரிப்பக்கம் சென்றவர்கள் இதைக் கண்டிருக்கக்கூடும்.

ஆகவே மாலையில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வானம் தெளிந்திருக்கிறதா? காற்று அடங்குகிறதா? காற்றில் ஈரம் எவ்வளவு? முதல் இரண்டுக்கும் கண்ணும் தோலும் போதும். மூன்றாவதற்கு இரண்டு வெப்பமானிகள் தேவை. ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்ற வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் ஈரக்குமிழ் குறைந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்தால் காற்று வறண்டது; குறைந்தால் ஈரமானது. இவ்விரு அளவுகளைக் கொண்டு, அட்டவணையின் துணையால், நீராவி துளியாக மாறத் தொடங்கும் பனிநிலையைக் காணலாம். காற்று மாறாத தெளிந்த இரவில் வெப்பநிலை இந்தப் பனிநிலைக்குக் கீழே வெகுதூரம் இறங்குவதில்லை. நீராவி துளியாகும்போது, தான் கவர்ந்திருந்த வெப்பத்தைத் திருப்பி விடுவதே காரணம். எனவே மாலையில் கண்ட பனிநிலை, விடியற்காலைக் குளிரின் எல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது. இதற்காகவே ஆய்வுக்கூடங்களில் சாய்சட்டங்கள் பொருத்திய வெள்ளை மரப்பெட்டியைக் காண்கிறோம். அதை அமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். இவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர். கதாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தை. கடலோடிகளுக்கு விளக்கேற்றியவரே வானிலையாளருக்கும் துணைசெய்தார் என்பது, 1904 முதல் முழுமையாக இயங்கிவரும் மாமல்லபுரக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கும்போது என் நினைவுக்கு வருவதுண்டு.

காற்றழுத்தமானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அழுத்தம் இறங்கினால் புயல் வரும் என்று பாடநூலில் படித்த மாணவர், நம் ஊரில் பிற்பகல்தோறும் அது இறங்குவதைக் கண்டு திகைப்பார். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தத்துக்கும் ஏற்றவற்றம் உண்டு. காலை 10 மணியையும் இரவு 10 மணியையும் ஒட்டி அது உயரும்; மாலை 4 மணியையும் விடியற்காலை 4 மணியையும் ஒட்டித் தாழும். ஆதலால் காலை அளவை மாலை அளவோடு ஒப்பிடுதல் கூடாது. இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுவதே முறை.

இனிக் கடற்காற்றுக்கு வருவோம். பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேற, அதன்மேலுள்ள காற்று எழும்ப, கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. இரவில் இது தலைகீழாகி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பாய்மரக் காலத்தில் நம் மீனவர் விடியலுக்கு முன் கரைக்காற்றில் புறப்பட்டுக் கடற்காற்றில் கரை திரும்பியதன் நுட்பம் இதுவே. ஆனி, ஆடியில் மேல்காற்று எதிர்த்து நிற்பதால் கடற்காற்று பிந்துகிறது. பின்பனிக் காலத்தில் அத்தடை இல்லாமையால் முந்துகிறது.

இங்கே உங்களுக்கு ஓர் ஆய்வு. மாமல்லபுரத்தில் ஒரு மாணவரும் செங்கற்பட்டில் ஒரு மாணவரும், காற்று கிழக்குக்குத் திரும்பும் நேரத்தை நாள்தோறும் குறிக்கட்டும். இரண்டு ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். காற்று வந்துசேர இரண்டு மணி நேரம் ஆயின் அதன் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். ஒரு மாதம் இவ்வாறு குறித்தபின், கடற்கரை நண்பர் தொலைபேசியில் சொல்லும் நேரத்தைக் கொண்டே செங்கற்பட்டு மாணவர் தம் ஊரின் வெயில் எப்போது தணியும் என்று உரைக்கலாம்.

ஆயினும் கணிப்பு என்பது வாயால் சொல்வதன்று, எழுதுவது. முதல் நாள் மாலையே நாளிட்டு எழுத வேண்டும். மறுநாள் நடந்ததை அதனருகே எழுத வேண்டும். நான் பல ஆண்டுகளாகக் குறிப்பேடு எழுதி வருகிறேன். எழுதாத கணிப்பு எப்போதும் பலித்ததாகவே நினைவில் நிற்கும் என்பதே அதில் நான் கற்ற முதற்பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் பெரிது. மாசியில் மழை அரிது. ஒருவர் முப்பது நாளும் "நாளை மழையில்லை" என்று எழுதினால் ஏறக்குறைய எல்லா நாளும் அவர் வெல்வார். ஆனால் கேளம்பாக்கத்துப் பக்கம் உப்பளத்தில் பாத்தி கட்டியவருக்கு அவரால் என்ன பயன்? களத்தில் நெல்லைக் காயவைத்த உழவருக்கு என்ன பயன்? அவர்களுக்கு வேண்டியது எதிர்பாராமல் மழை வரும் அந்த ஒரு நாள் அன்றோ? "இன்று போலவே நாளை" என்று சொல்வதை எவரும் செய்யலாம். அதனினும் மேலாகச் சொல்வதே கணிப்பு. நூற்றுக்கு எத்தனை பலித்தது என்று மட்டும் கேளாமல், மாறுதல் வந்த நாளில் என்ன சொன்னோம் என்று கேளுங்கள்.

அந்த மாறுதலை ஓரூரில் நின்று முழுதும் காண இயலாது. கிழக்கே வங்கக் கடலில் உருவாகும் அலைபோன்ற காற்றோட்டமே பெரும்பாலும் இப்பருவத்து மழையைக் கொணர்கிறது. அதைக் காணப் பல ஊர்க் குறிப்புகள் ஒன்றுசேர வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும், சிதறிக் கிடந்த முயற்சிகளை ஒன்றாக்கும் தேவையை உணர்த்தின. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை பிறந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடக்கத் தொடங்குமுன்பே எச்சரிக்கை நம்மை எட்டியது, இவ்வாறு வளர்ந்த வலையின் பயனே. கடலுக்குச் செல்வோர் அத்துறையின் எச்சரிக்கையையே நம்ப வேண்டும். மாணவர் குறிப்பேடு அதற்கு மாற்றாகாது.

எனினும் அந்தப் பெரிய வலையும் தனி மனிதர் நாள்தோறும் தவறாமல் படித்த வெப்பமானிகளாலேயே பின்னப்பட்டது. இன்று கைப்பேசி காட்டும் முன்னறிவிப்பு, கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் உள்ள வேறுபாட்டை நுணுகிக் காட்டுவது அரிது. அந்த இடைவெளியை நிரப்ப உங்கள் குறிப்பேட்டால் இயலும். நாளை காலை 8.30 மணிக்கு, ஆய்வகங்கள் மழையளவு எடுக்கும் அதே வேளையில், முதல் வரியை எழுதுங்கள். இன்று மாலையே உங்கள் முதல் கணிப்பையும் எழுதிவிடுங்கள்.