நர்சு வேலையை நாங்கள் ஏன் விட்டோம்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், நர்சு வேலையை விட்டு வந்த பெண்கள் நால்வரின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் நால்வரும் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளர்ந்தவர்கள். எங்கள் தகப்பனார்கள் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர்கள். ஊரில் இருந்த துண்டு நிலத்தை அடமானம் வைத்து எங்களை நர்சு படிப்பு படிக்க வைத்தார்கள். நம் தெருவிலும் ஒரு சிஸ்டர் இருக்கிறாள் என்று நீங்களும் பெருமைப்பட்டீர்கள்.

அந்த வேலையை நாங்கள் விட்டுவிட்டோம். "கஷ்டம் தாங்காதவளுக" என்று குழாயடியில் பேசப்பட்டது எங்கள் காதுக்கும் வந்தது. அதற்குப் பதில் சொல்லவே இந்த மேடையைக் கேட்டு வாங்கினோம்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், பெயரை மாற்றினால் இன்னும் பல ஆஸ்பத்திரிகளுக்கு இதே கதை பொருந்தும். இரவு 8 மணிக்கு உள்ளே போனால் காலை 8 மணிவரை டியூட்டி. பொறுப்பை ஒப்படைத்து, நோட்டு எழுதி வெளியே வர ஒன்பதரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. 22 கட்டில்களுக்கு இருவர். ஒருத்தி லீவு என்றால் ஒருத்தியே. போதனா மருத்துவமனையின் சாதாரண வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஓர் இரவு, 7ஆம் கட்டிலில் நம் பக்கத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். இந்தி தெரியாது. தமிழைக் கேட்டதும் எங்களில் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, சித்த நேரம் இங்கன இரு" என்றார். "இந்தா வாரேன் பாட்டி" என்று மூன்று முறை சொல்லியும் அவளால் போக முடியவில்லை. ஒருபக்கம் டிரிப் முடிந்தது, ஒருபக்கம் ஆக்சிஜன் கேட்டார்கள். விடியும்போது பாட்டி கையை நீட்டியபடியே தூங்கிக் கிடந்தார். பொறுப்பை ஒப்படைக்கையில் அவள் வாயில் வந்த சொல் என்ன தெரியுமா? "7ஆம் கட்டில் ரொம்பத் தொந்தரவு." வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சொல் உறைத்தது. நம் ஊர்ப் பாட்டி எப்போது வெறும் நம்பர் ஆனார்?

எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகும் அல்லவா, அந்த நிலை எங்களுக்கு வந்தது. பகலில் தூக்கமில்லை. மருந்தின் அளவை மூன்று முறை பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் கையால் ஓர் உயிர் போய்விடுமோ என்ற அச்சமே எங்களை வெளியே தள்ளியது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த நிலையை விளக்கியது. சரியாகக் கையாளப்படாத, ஓயாத வேலை நெருக்கடியால் வரும் விளைவு இது, நோய் என்று கொள்ளத்தக்கதன்று என்றது. ஆகவே தோழர்களே, கோளாறை எங்கள் உடம்பில் தேடாதீர்கள். வேலை வாங்கும் முறையில் தேடுங்கள்.

2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எங்கள் வார்டுக்கு ஓர் ஆளைக்கூடக் கூட்டித் தரவில்லை. அதே ஆண்டு மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து வெளிமாநில நர்சுகள் நூற்றுக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். மணிப்பூர்ப் பெண்கள் அவர்களில் பலர். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே.

2016இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அது எங்கள் சம்பளக் கவரை எட்டவில்லை. வேலையில் சேரும்போதே அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விட்டுப் போகவேண்டுமானால் பணம் கட்டு என்றார்கள். "இது தொண்டு" என்று மட்டும் மாதம் தவறாமல் சொன்னார்கள்.

இன்று ஒருத்தி டிபன் கடையில், ஒருத்தி தையலில், ஒருத்தி பாலர் பள்ளியில். நாலாமவள் வீட்டில் இருக்கிறாள். நிலத்தின் மீதான கடன் இன்னும் அடையவில்லை. அதை மறைக்க மாட்டோம். 5 பேருக்கு ஒரு நர்சு என்று எழுதிக் கொடுக்கட்டும், நால்வரும் நாளைக்கே திரும்பிப் போகத் தயார்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். மகளை நர்சு வேலைக்கு அனுப்பும்போது, சம்பளத்தோடு எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நகலைக் கொடுங்கள், அசல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். நைட் டியூட்டி முடித்து வந்தவளைக் குடத்தோடு தண்ணீர் வரிசையில் நிறுத்தாதீர்கள், தூங்க விடுங்கள். நம் சங்கம், வேலையில் இருக்கும் நம் பெண்களை ஒன்றுகூட்டி, அவர்கள் தொழிற்சங்கத்தில் சேரத் துணை நிற்க வேண்டும். தனியாகக் கேட்டவளுக்கு வாசல் காட்டப்படும். அதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அந்தப் பாட்டியின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார ஒரு நர்சுக்கு நேரம் கிடைக்க வேண்டும். நாளை அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நம்மில் ஒருவர்.