பைலே பானி

மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கலாம்தான். ஆனால் பட்டம் வாங்க இந்த வெயிலில் கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

நாற்பது வருடம் தோல் பதனிட்டவன் நான். ஏற்றுமதி, ஜி.எஸ்.டி. என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று ஒரு கவிஞரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முதலில் ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1974. படிப்பு முடித்த கையோடு ஒரு டேனரியில் வேலை. பெயர் வேண்டாம். தோலை ட்ரம்மில் போட்டு உப்பும் அமிலமும் சேர்க்கும் பிரிவு என் பொறுப்பு. கந்தக அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். படித்த திமிரில் இதைப் பன்னிரண்டு வரி ஆங்கிலத்தில் பலகையாக எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு மாட்டினேன். ஒன்பதாம் நாள் ஒருவர் அமிலத் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்துவிட்டார். முழங்கை வரை வெந்துவிட்டது. கண் தப்பியது அவர் அதிர்ஷ்டம். அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலேதான் என் பலகை தொங்கியது.

அன்று இரவு வேலூர் லாங் பஜாருக்குப் போனேன். அங்கே அப்பாவுக்கு நோட்டுப் புத்தகக் கடை. ஓய்வுபெற்ற உருது முன்ஷி ஒருவர் சாயங்காலமானால் கடை வாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேட்டா, அந்தப் பலகையை யாருக்கு எழுதினே?"

என்னிடம் பதில் இல்லை. அவரே ஒரு அட்டையை எடுத்து, "பைலே பானி, பீச்சே தேஜாப்" என்று உருது எழுத்தில் எழுதினார். கீழே தமிழில் என்னை எழுதச் சொன்னார்: முதலில் தண்ணீர், பிறகு அமிலம். "படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான், முன்ஷி ஐயா?" என்று கேட்டேன். "பாட்டாச் சொல்லு, அவன் பிள்ளைகூட பாடும்" என்றார். அப்போது அவர் சொல்லித்தான் பாகிர் ஆகா என்ற கவிஞரின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

மௌலானா பாகிர் ஆகா 1745இல் நம்ம வேலூரில் பிறந்தவர். இங்குள்ள சூஃபி மடமான ஹஜ்ரத் மக்கானோடு பெயர் சேர்ந்த ஞானி ஷா அபுல் ஹசன் குர்பியின் மாணவர். பிறகு சென்னையில், வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்த நவாப் முகமது அலி வாலாஜாவின் பிள்ளைகளுக்கு ஆசிரியர். அரபியிலும் பாரசீகத்திலும் எழுதிக் குவித்த மேதை. தர்பாரில் மதிப்பு இருந்தது அந்த மொழிகளுக்குத்தான். அப்படிப்பட்டவர் நபிகளின் வாழ்க்கையை 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்று எட்டு நூல்களாக எழுதும்போது தேர்ந்தெடுத்தது தக்கனியை. அடுப்படியிலும் கடைத்தெருவிலும் புழங்கிய உருது அது. அரபியும் பாரசீகமும் தெரியாதவர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக எழுதுகிறேன் என்று காரணமும் சொன்னார். எழுதியது செய்யுளில். வாசிக்கத் தெரியாதவள் காதால் கேட்டே மனப்பாடம் செய்யட்டும் என்றுதான் என்று நான் நினைக்கிறேன். முன்ஷி சொன்ன பாட்டும் அதே கணக்குத்தானே?

தக்கனிக்குக் கிடைக்கும் கேலியை நானே பார்த்திருக்கிறேன். படிக்கும்போது சென்னை விடுதியில் என் அறைத்தோழன் ஆம்பூர்க்காரன். அவன் வேண்டாம் என்பதற்குத் தக்கனியில் "நக்கோ" என்றால் லக்னோ சீனியர் விழுந்து விழுந்து சிரிப்பான். என் வேலூர்த் தமிழைக் கேட்டுத் திருநெல்வேலிக்காரன் சிரிப்பான். நாங்கள் இரண்டு பேரும் மெஸ்ஸில் ஒரே மூலையில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். அந்தக் கேலி இருநூறு வருடப் பழசு என்று அப்போது தெரியாது. ஆகா வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தன் 'குல்ஜாரே இஷ்க்' நூலின் முன்னுரையில் பீஜப்பூர்க் கவிஞர் நுஸ்ரத்தியைத் தூக்கிப் பிடித்து, தக்கனிக்காக வாதாடினார். உருது உரைநடையில் இலக்கிய விமர்சனம் பேசிய ஆரம்பகாலக் குரல்களில் அதுவும் ஒன்று. அது இந்தப் பாலாற்றங்கரையில் பிறந்தவரின் குரல்.

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் உருது பேசுவோர் 1.75 சதவீதம். நூறு பேரில் இரண்டு பேர்கூட இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் போனால் இந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள், அது வேறு விஷயம். உருது தெரியாத என்னைப் போன்றவர்கள்கூட வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன் இல்லாமல் ஒரு நாள் வியாபாரம் செய்ய முடியாது. லாங் பஜாரையே எடுத்துக்கொள்ளுங்கள். லாங் ஆங்கிலம், பஜார் பாரசீகம், பேரம் தமிழ். ஆனால் அந்தத் தெருவில் பத்துப் பேரைப் பாகிர் ஆகா யார் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மட்டும், "எந்தக் கம்பெனி?" என்று திருப்பிக் கேட்டார்.

உங்களில் பலருக்கு இன்று பட்டம் வாங்கித் தந்த அறிவு ஆங்கிலத்தில் கிடைத்தது. சந்தோஷம், எனக்கும் அப்படித்தான். தேர்வுத்தாளில் நான் எழுதிய பன்னிரண்டு வரிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பலகையில் எழுதியபோது ஒரு மனிதனின் கை வெந்தது. முன்ஷியின் அட்டையை மாட்டிய பிறகு நான் அங்கே இருந்த ஆறு வருடத்தில் அமிலம் ஒருவர் மேலும் தெறிக்கவில்லை. கை வெந்தவர்தான் புதிதாக வருபவர்களுக்கெல்லாம் அந்த வரியை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். ராகம் அவரே போட்டது, கொஞ்சம் சினிமாப் பாட்டு வாடை அடிக்கும்.

கல்லூரி முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே உங்கள் வீட்டார் பந்தலில் காத்திருக்கிறார்கள். பட்டச் சுருளைப் பிரித்ததும் யாராவது ஒரு பாட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு கண்ணு?" என்று கேட்பார். அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லிவிட்டு, பிரியாணி ஆறுவதற்குள் சாப்பிடப் போங்கள்.