வாடகை வீட்டுக்கு ஜாமீன் கையெழுத்து

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். காரணம் உங்களுக்கும் தெரியும். மதகடிப்பட்டுப் பக்கம் கல்லூரிகள், திருபுவனைப் பக்கம் தொழிற்சாலைகள். படிக்கவும் வேலைக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம் குடியிருப்பில் வீடு கேட்கிறார்கள். வீடு விடுகிறவர்களில் சிலர் இப்போது ‘அட்வான்ஸ் மட்டும் போதாது, உள்ளூர் ஆள் ஒருத்தர் ஜாமீன் போடட்டும்’ என்கிறார்கள். அந்த உள்ளூர் ஆள் பெரும்பாலும் நம்மில் ஒருவர்தான். போன மாதம் என்னிடம் இரண்டு பேர் தாளை நீட்டினார்கள். ஒன்றில் கையெழுத்துப் போட்டேன், ஒன்றில் போடவில்லை. போடாத தாளுக்கு உரியவர் அன்றிலிருந்து லிப்டில் பார்த்தால் போனை எடுத்துப் பார்க்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாட்சிக் கையெழுத்து வேறு, ஜாமீன் கையெழுத்து வேறு. சாட்சி, ‘இவர்கள் என் முன்னால் கையெழுத்திட்டார்கள்’ என்கிறார், அவ்வளவுதான். ஜாமீன்தாரர் ‘இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்கிறார். பல ஒப்பந்தங்களில் இரண்டும் கடைசிப் பக்கத்தில் அடுத்தடுத்து வரும். எந்த வரிக்கு நேரே பேனாவை வைக்கிறோம் என்று பாருங்கள்.

நான் வங்கியில் கடன் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். கடன் கட்டாதவருக்கு நோட்டீஸ் டைப் அடிக்கும் அன்றே ஜாமீன்தாரருக்கும் அடிப்போம். கடன் வாங்கியவர் வரமாட்டார். ஜாமீன் போட்டவர் மறுநாள் காலையிலேயே கவுண்டர் முன்னால் நிற்பார். “சும்மா ஒரு கையெழுத்துதானே சார் போட்டேன். மொதல்ல அவன்கிட்ட கேளுங்க” என்பார். அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். ‘முதலில் அவனைக் கேட்டுவிட்டு என்னிடம் வா’ என்று சொல்ல முடியாது என்பதை பாங்க் ஆஃப் பீகார் எதிர் டாமோதர் பிரசாத் வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றமே தீர்த்துவிட்டது. அது வங்கிக் கடன் வழக்கு. வாடகை ஜாமீனுக்கும் இதே சட்டம்தான்.

இவ்வளவு தெரிந்த நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

என் அக்கா மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து வீடு பார்த்தான். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. “மாமா, ஒரு கையெழுத்துதான்” என்றான். போட்டேன். ஒன்றரை வருஷத்தில் வேலை போயிற்று. நாலு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். வாடகை 48,000. பெயிண்ட், கரண்ட் பில் எல்லாம் சேர்த்து 7,500. மொத்தம் 55,500. அட்வான்ஸ் 60,000 இருக்கிறதே, சரியாகப் போய்விடுமே என்றேன். “இல்ல சார், நடுவுல ஏதோ அவசரம்னு உங்க பையன் 40,000 திருப்பி வாங்கிட்டாரு” என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனும் சரி, அவரும் சரி. மீதி 35,500. மானத்துக்குப் பயந்து மறுநாளே அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் பழைய சட்டப் புத்தகத்தை எடுத்தேன். 141ஆவது பிரிவு. கடன் கொடுத்தவர் கையில் கடனாளியின் பிணை ஏதாவது இருந்து, அதை ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் அவர் விட்டுக்கொடுத்தால், அந்த மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். அட்வான்ஸும் பிணைதானே? 40,000 கையை விட்டுப் போனதற்கு நான் பொறுப்பில்லை என்று வாதாடியிருக்கலாம். ஒரு பைசா தந்திருக்க வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஜாமீன் பத்திரங்களைப் புரட்டியவன், தன் பணம் என்று வந்தபோது கணக்கு மட்டும்தான் பார்த்தேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். “உன்னை யாரு தம்பி கட்டச் சொன்னது?” என்றாள். இரண்டு பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. 145ஆவது பிரிவு, ஜாமீன்தாரர் முறையாகக் கட்டிய பணத்தைக் கடனாளியிடம் வசூலிக்கலாம் என்கிறது. முறையில்லாமல் கட்டியதைக் கேட்க முடியாது என்றும் சொல்கிறது. சட்டப்படி பார்த்தால் அக்கா கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இன்னொரு இடம் பதினோரு மாதம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் நம் ஒப்பந்தங்கள் பதினோரு மாதத்துக்கே போடப்படுகின்றன. பிறகு வாடகையை ஏற்றிப் புதுத் தாள் போடுவார்கள். ஜாமீன்தாரரைக் கேட்காமல் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிறகு வரும் பாக்கிக்கு அவர் பொறுப்பில்லை என்று 133ஆவது பிரிவு காப்பாற்றும். ஆனால் ‘புதுப்பித்தலுக்கும் இந்த ஜாமீன் செல்லும்’ என்று ஒரு வரியைச் சிலர் நுழைத்துவிடுகிறார்கள். அதற்கும் சம்மதம் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நம் ஊரில் பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் உண்டு. அங்கே வாடகைக்குக் ‘கரான்’ கேட்பது சாதாரணம். அங்கே இரண்டு வகை. ஒன்றில் முதலில் குடியிருப்பவரைக் கேட்ட பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும். ‘சொலிதேர்’ என்று போட்டிருந்தால் நேராக நம்மிடமே வரலாம். ஜாமீன்தாரருக்கு ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கொடுத்தாக வேண்டும் என்றும் அங்கே சட்டம். இங்கே கையெழுத்துப் போட்ட எத்தனை பேரிடம் நகல் இருக்கிறது? என்னிடம் இருக்கவில்லை. முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு அங்கே ‘விசால்’ என்று இலவச ஜாமீன் ஏற்பாடே இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜாமீனே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்கும் ஒரு காலத்தில் யாரோ போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளில் என் பொறுப்பு மூன்று மாத வாடகைக்கு மேல் போகாது என்று இருந்தது. பதினோரு மாதத்தோடு முடியும், அட்வான்ஸை முதலில் கழிக்க வேண்டும், எனக்குத் தெரியாமல் அதைத் திருப்பித் தரக்கூடாது, ஒரு மாத வாடகை நின்றாலே எனக்குத் தகவல் வர வேண்டும் என்றும் இருந்தது. பையனின் அப்பாவிடமும் போனில் பேசிவிட்டேன்.

இன்னொரு தாளில் இவை எதுவும் இல்லை. ‘எல்லாத் தொகைக்கும், எல்லாக் காலத்துக்கும்’ என்று மட்டும் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு இவற்றை எழுதிக் கொண்டுவந்தால், அந்தப் பெண்ணுக்கும் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். பேனா பையில்தான் இருக்கிறது.