பெயர்களை அடுக்கும் கணினி



தோட்டப் பெரட்டில் கிராணி பெயர் வாசித்ததை லகாட் வட்டாரப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பட்டியலை இன்று கணினி நொடியில் அடுக்கித் தருகிறது. ஜாவா என்னும் கணினி மொழியில் இதற்கான வசதி 1998 முதல் உள்ளேயே அமைந்திருக்கிறது. 'சார்ட்' என்று எழுதினால் போதும்.

பவானி, பழனி என்ற இரு பெயர்களைக் கொடுத்துப் பார்ப்போம். நம் அரிச்சுவடியில் வகரம் முன், ழகரம் பின். கணினியோ பழனியை முன்னே வைக்கிறது! ஏன்? யூனிகோடு முறையில் ழகரத்தின் எண் 2996. வகரத்தின் எண் 2997. நாம் வேறு விதி சொல்லாதவரை கணினி எண்ணைத்தான் ஒப்பிடும். தமிழ் வரிசைக்குரிய விதியையும் சேர்த்துக் கொடுத்தால் பவானி முன்னே வந்துவிடுவாள்.

கணினி கற்கும் நம் பிள்ளைகள் வீட்டார் பெயர்களை முதலில் கையால் அடுக்கட்டும். பிறகு கணினியின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.