பனிப்பூவும் மரக்கொட்டகையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறியவற்றை உற்றுநோக்குதல் கவிஞர்க்கும் அறிவியலார்க்கும் பொதுவான தொழில். பனித்துளியைச் சொல்லால் பிடிப்பவர் ஒருவர். நுண்ணோக்கியின் அடியில் வைத்து ஒளியால் பிடிப்பவர் மற்றொருவர். இரண்டாம் வகையினருள் முன்வரிசையில் வைத்தற்குரியவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் ஊரில், 1865 பிப்ரவரி 9ஆம் நாள் உழவர் குடியில் பிறந்தவர். கல்வியைப் பெரிதும் தாயிடமே பெற்றவர். வீட்டின் பின்புறத்து விறகுக் கொட்டகையை அவர் நுண்படக்கூடமாக்கிய வரலாறும், அக்கூடத்துப் படங்களைச் சுற்றி எழுந்த ஒரு வழக்கும் கவிதை எழுதுவோர் எண்ணிப்பார்க்கத் தக்கவை.

பதினைந்தாம் வயதில் தாய் தந்த பழைய நுண்ணோக்கியே எல்லாவற்றிற்கும் தோற்றுவாய். அதன் வழியே பனிப்படிகத்தைக் கண்ட சிறுவன், கண்டதை வரைந்து வைக்க முற்பட்டான். குளிர்காலம் தோறும் வரைந்தான். ஆனால், கை ஒரு கிளையை வரைந்து முடிப்பதற்குள் கண்முன் இருந்த ஆறு கிளைகளும் உருகின. பொருள் நிலைப்பதில்லை, வரையும் கைக்கோ விரைவில்லை. புகைப்படக் கருவி ஒன்றே வழி என்று துணிந்தான். மகனின் ஆர்வத்தில் தந்தைக்கு நம்பிக்கை குறைவு. எனினும், குடும்பம் பெருந்தொகை செலவிட்டுத் துருத்தி அமைந்த கருவியையும் நுண்ணோக்கியையும் வாங்கித் தந்தது.

வாங்கிய கருவி அப்படியே பயன்படவில்லை. பெரிய உருவம் வேண்டித் துருத்தியை நீட்டினால், பின்புறத்து மங்கற் கண்ணாடியில் உருவைப் பார்க்கும் கண்ணுக்கும், முன்புறத்தில் குவியத்தைத் திருத்தும் குமிழுக்கும் இடையே கையெட்டா இடைவெளி விழுந்தது. சக்கரங்களும் கயிறும் கொண்டு ஓர் இணைப்பைத் தாமே செய்து, நின்ற இடத்திலிருந்தே குமிழைத் திருப்பினார் பென்ட்லி. படத்தில் தெளிவு குறைந்தபோது ஒளித்துளையை மிகச் சிறிதாக்கினார். துளை சிறுத்தால் ஆழமான தெளிவு கிட்டும். ஆனால் ஒளி குறையும். ஆகவே ஒளிபடும் நேரத்தைப் பல விநாடிகளாக நீட்ட வேண்டியதாயிற்று. ஒரு திருத்தம் மற்றொரு திருத்தத்தைக் கோரும் என்பதைக் கூடம் அமைப்போர் யாவரும் அறிவர். தோல்விகள் பலவற்றிற்குப் பின், 1885 சனவரி 15ஆம் நாள், பத்தொன்பது வயதில், முதல் வெற்றிப்படம் கிட்டியது.

அக்கூடத்தின் தலையாய கருவி குளிரே. அங்கே அடுப்பில்லை. சன்னல் வெளிச்சமே விளக்கு. பெய்யும் பனியைக் கறுப்பு வண்ணம் பூசிய பலகையில் ஏந்துவார். நல்லதொரு படிகத்தைத் துடைப்பக் குச்சியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். பறவை இறகால் மெல்ல அழுத்திப் படிய வைப்பார். மூச்சுக்காற்றுப் பட்டாலும் உருகுமாதலால் மூச்சையும் அடக்கிக்கொள்வார். இவ்வாறு வாழ்நாளில் எடுத்த படங்கள் ஐயாயிரத்திற்கும் மேல். அவற்றுள் 2,400க்கு மேற்பட்டவை 1931இல் 'ஸ்நோ கிரிஸ்டல்ஸ்' என்னும் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

இனி, வழக்கினைக் காண்போம். பனிப்படிகம் ஒளி ஊடுருவும் பொருள். வெளிச்சமான பின்புலத்தில் அது தனித்துத் தெரிவதில்லை. ஆகவே பென்ட்லி எதிர்மறைத் தகட்டின் படி ஒன்றை எடுத்து, படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கூர்ங்கத்தியால் சுரண்டி நீக்கினார். அச்சிட்டபோது கறுப்பு வெளியில் வெள்ளைப் பனிப்பூ மலர்ந்தது. செருமானிய வானிலை அறிஞர் குஸ்தாவ் ஹெல்மன் இதனைக் கடிந்தார். கத்தி ஓரங்களையும் சிதைக்கும், இயற்கையின் உண்மை வடிவம் கெடும் என்பது அவர்தம் வாதம். மூலத் தகட்டில் கைவைக்கவில்லை என்பது பென்ட்லியின் பக்கத்து வலிமை. எனினும் மற்றொரு குறை எஞ்சுகிறது. செம்மையான ஆறுமுனைப் படிகங்களையே அவர் பெரிதும் விரும்பித் தேர்ந்தார். வானத்திலிருந்து விழுவனவற்றுள் பெரும்பாலானவை உடைந்தவை, ஒழுங்கற்றவை. அவர் நூலை மட்டும் புரட்டுவோர்க்கு, விழும் பனியெல்லாம் பூவே என்ற மயக்கம் ஏற்படக்கூடும்.

அக்குறையை நிரப்பியவர் சப்பானிய இயற்பியலறிஞர் உக்கிச்சிரோ நகாயா. பென்ட்லியின் நூலால் ஈர்க்கப்பட்ட அவர், ஹொக்கைடோவில் அழகானவற்றோடு அழகற்றவற்றையும் படமெடுத்து வகைப்படுத்தினார். 1936இல், குளிர் அறையில், முயல் மயிரின் நுனியில், உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையும் ஈரமும் மாற வடிவமும் மாறும். சுழியத்திற்குக் கீழே ஐந்து பாகை அளவில் ஊசிகளும் தூண்களும், பதினைந்து பாகை அளவில் கிளைத்த விண்மீன்களும் தோன்றும் என அவர் ஆய்வு நிறுவியது. அழகின் காரணத்தை அறிந்ததனால் அழகு குன்றவில்லை.

இன்று வீட்டில் நுண்படக்கூடத்தை மீள அமைக்க முனைவோரும் அதே இடர்களையே எதிர்கொள்கின்றனர். பனி பெய்யாத நாட்டில் உப்புப் படிகமோ விட்டிலின் இறகோ பொருளாகலாம், இடர் மாறுவதில்லை. சுழலும் மின்விசிறியும் தெருவில் செல்லும் லாரியும் தரும் அதிர்வு படத்தைக் குலைக்கும். எனவே கருவியைக் கனத்த கற்பலகையின்மேல் நிறுத்துகின்றனர். சூடு பரப்பும் பழைய விளக்குகளுக்கு மாற்றாகக் குளிர்ந்த எல்.இ.டி. விளக்குகள் வந்துள்ளன. ஆழத்திற்கு ஒளித்துளையை மட்டும் நம்புவதில்லை. அளவு மீறிச் சிறுத்த துளை ஒளியை விரியச் செய்து நுண்விவரங்களை மழுக்கும். ஆகவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளை மட்டும் கணினியால் ஒன்றாக்குகின்றனர். அங்ஙனம் பிறக்கும் முழுப்படத்தை எந்தக் கண்ணும் எந்தக் கணத்திலும் கண்டதில்லை. ஹெல்மனின் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

அக்கேள்வி கவிஞர்க்கும் உரியது. வேண்டாத சொற்களைச் சுரண்டி நீக்காமல் கவிதை இல்லை. ஆனால், கத்தி பின்புலத்தில் நிற்கிறதா, பொருளின் ஓரத்தையே தீண்டிவிடுகிறதா என்பதை அறிபவர் எழுதுபவர் ஒருவரே. பென்ட்லி மூலத் தகட்டைக் காத்தார். ஐயுறுவோர் ஒப்பிட்டுப் பார்க்க இடமிருந்தது. கவிஞரிடத்தில் மூலத் தகடாக இருப்பது அவர் கண்ட காட்சி. நகாயாவோ உடைந்த படிகத்திற்கும் ஏட்டில் இடம் தந்தார். செம்மையான அனுபவங்களை மட்டுமே தேர்ந்து பாடும் கவிதை மரபுக்கு அவர் செயல் ஒரு பாடம்.

பத்தாண்டுகளாகத் திங்கள் தோறும் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் கத்தியின் கூர்மையோடும் இறகின் மென்மையோடும் தொட்டுப் பார்த்துவரும் இவ்வட்டம், உடைந்த படிகங்களையும் தன் பலகையில் ஏந்துமாக.