இருவேறு எல்லைக் கோடுகள்
(மாணவர் மன்றத்தில் ஆற்றப்பெற்ற உரை)



களத்தில் நின்று பொருது மடிவோர் படைமறவர். போர் ஓய்ந்தபின் நிலப்படத்தை விரித்துக் கோடு கிழிப்போர் வேறு சிலர். மறவர் சிந்திய குருதி காயுமுன்னரே அக்கோடு, எந்தக் குழந்தை எந்த மொழியிற் படிப்பது என்பதை முடிவுசெய்துவிடுகின்றது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப் பெரும்போர்க்குப் பின் 1919இல் பாரிசில் கூடிய அமைதி மாநாடு, ஒரே காலத்தில் இருவேறு வகையில் எல்லை வகுத்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணுதல் வேண்டும்.

ஒன்று, சுலெசுவிக்கு. தென்மார்க்குக்கும் செருமனிக்கும் இடைப்பட்ட அந்நிலத்தின் வடபால் தேனிய மொழியும் தென்பால் செருமானியமும் வழங்கின. நடுவில் இரண்டும் விரவிக் கிடந்தன. 1864ஆம் ஆண்டுப் போரில் பிரசியாவும் ஆத்திரியாவும் அதனைத் தென்மார்க்கினின்று பறித்தன. வடபகுதி மக்களின் விருப்பம் கேட்கப்பெறும் என்று 1866இல் பிராகு உடன்படிக்கை உறுதி கூறிற்று. கூறியவர்களே 1878இல் அவ்வுறுதியை நீக்கிக்கொண்டனர்! பின்னர் வெர்சாய் ஒப்பந்தத்தின்படிதான் மக்களிடம் வாக்குக் கேட்கப்பெற்றது. 1920 பிப்பிரவரி 10இல் வடபகுதியினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் தென்மார்க்கையும், மார்ச்சு 14இல் நடுப்பகுதியினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் செருமனியையும் விரும்பினர். அவ்விரு பகுதிகட்கும் இடையே எல்லை அமைந்தது.

அதிலும் குறையில்லாமல் இல்லை. வடபகுதி முழுமையும் ஒன்றாகவே எண்ணப்பட்டமையால், செருமனிக்கே மிகுதியாக வாக்களித்த தெண்டர் நகரும் தென்மார்க்கைச் சேர்ந்தது. எனினும், 1945இல் செருமனி வீழ்ந்து கிடந்தபோதும் தென்மார்க்கு அவ்வெல்லையைத் தள்ளி வைக்கவில்லை. 1955இல் இரு நாடுகளும் தத்தம் சிறுபான்மையர் உரிமையை வெளிப்படையாக அறிவித்தன. இன்றும் எல்லையின் இருபுறத்தும் சிறுபான்மையர்க்கு அவரவர் மொழிப் பள்ளிகள் உள.

மற்றொன்று, தெற்குத் தீரோல். ஆத்திரியப் பேரரசின் கீழ் இருந்த அம்மலைநாட்டில், 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்தில் ஒன்பது பேர்க்கு நெருங்கியோர் செருமானியம் பேசினர். இத்தாலியின் எல்லை இனவழக்கை ஒட்டியே அமைதல் வேண்டுமென, 1918 சனவரியில் வெளியிட்ட பதினான்கு கூற்றுகளுள் ஒன்பதாவதாக அமெரிக்கத் தலைவர் வில்சன் உலகறியச் சொன்னார். ஆனால், பிரென்னர் கணவாய் வரையுள்ள நிலத்தைத் தருவதாக 1915இலேயே இலண்டனில் இத்தாலியோடு கமுக்க உடன்படிக்கை முடிந்திருந்தது. மலைமுகடே நாட்டுக்கு அரண் என்று இத்தாலி வாதிட்டது, வில்சனும் இசைந்தார். மக்களை எவரும் கேட்கவில்லை. 1919 செபுதம்பர் 10இல் கையெழுத்தான சான்செர்மேன் ஒப்பந்தம் அந்நிலத்தை இத்தாலிக்கு உரித்தாக்கிற்று.

விளைந்தது என்ன? 1922இல் முசோலினி ஆட்சியேறினான். ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. பள்ளிகளினின்று செருமானியம் துரத்தப்பட்டது. கல்லறைக் கல்லிலும் அதனைப் பொறித்தல் கூடாதென்றாயிற்று. அப்போது மிக்கேல் காம்பர் என்னும் குருவரின் தூண்டுதலால் உழவர் மனைகளில் கரவுப் பள்ளிகள் தோன்றின. அங்குக் கற்பித்த ஆங்கெலா நிக்கோலெத்தி என்னும் இளம் ஆசிரியை சிறைப்பட்டார். நோயுற்று 1930இல் தம் இருபத்தைந்தாம் அகவையில் மறைந்தார். பிள்ளைகட்குத் தாய்மொழியில் எழுத்தறிவித்ததே அவர் செய்த குற்றம்!

1939இல் இட்லரும் முசோலினியும் தம்முள் பேசி, மொழியை விரும்பின் நாட்டை விடுக, நாட்டை விரும்பின் மொழியை விடுக என்னும் நிலைக்கு அம்மக்களைத் தள்ளினர். ஏறத்தாழ 75,000 பேர் பிறந்த மண்ணை விட்டகன்றனர். 1946இல் ஆத்திரியாவும் இத்தாலியும் செய்த உடன்பாடு தாய்மொழிக் கல்விக்கு உறுதியளித்தது. ஆயினும், 1972இல் நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டத்தின் பின்னரே உரிமை வேரூன்றிற்று. 1992இல்தான் ஆத்திரியா வழக்குத் தீர்ந்ததென அறிவித்தது.

ஒரே மாநாட்டின் விளைவாய் எழுந்த இவ்விரு கோடுகளுள், மக்களைக் கேட்டு வகுத்தது நூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றது. கேளாது வகுத்ததும் நிற்கின்றது. ஆனால், அதனைத் தாங்கத்தக்கதாக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மொழிகள் விரவிய நிலத்தில் எவருக்கும் குறைவராத எல்லை வகுத்தல் அரிது. ஆகவே, எக்கோட்டுக்கு எப்புறம் வாழினும் குழந்தை தன் தாய்மொழியிற் படிக்க வழிசெய்தலே அமைதியின் முதற்கடமை. அதனை மறந்து எழுதப்பெறும் உடன்படிக்கை, போரின் முடிவாகாது; அடுத்த பூசலுக்கு இட்ட வித்தேயாகும்.